முதலாளி மேலே வந்துவிட்டார்

நனைத்த பஞ்சை உதட்டில் வைத்ததும் அப்துல் கஃபார் அதைக் கவ்விக்கொண்டார். பல் செட்டு ஜன்னலோரம் டம்ளர் தண்ணீரில் கிடந்தது. வாயில் வெறும் ஈறுதான், ஆனாலும் பிடி என்றால் அப்படி ஒரு பிடி.

"விடுங்கத்தா. பஞ்ச முழுங்கிடப் போறீங்க," என்றாள் மகள் கைனாத்.

மெல்ல இழுத்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளையிடம் மிட்டாயைப் பிடுங்குவது மாதிரி இருந்தது. கடைசியில் அவரே அலுத்துப்போய் விட்டார், அல்லது கடித்ததையே மறந்துவிட்டார். நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. நுரையீரலில் இனிமேல் ஒன்றும் இல்லை, இங்கே வைத்து ஊசி குத்தி என்ன ஆகப்போகிறது, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அஸ்தினாபுரத்து வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள். வேறு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இருந்த ஒரே வேலை அவர் மூச்சைக் கேட்பதுதான். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். திடீரென்று நின்றுவிடும். தலைமாட்டில் யாசீன் சூரா ஓதிக்கொண்டிருக்கும் அம்மா ஹஃபீசா சட்டென்று நிமிர்வாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவுதான், போய்விட்டார் என்று கைனாத் எழுந்திருக்கும்போது எங்கோ அடியிலிருந்து ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு திரும்புவார். அம்மா விட்ட இடத்திலிருந்து ஓதுவாள்.

"அந்த முதலாளி மாதிரியே பண்றாரு பாரேன். மனுசன் உயிர வாங்குறாரு," என்றாள் அம்மா, பாதி அழுகையும் பாதி எரிச்சலுமாக.

முதலாளி என்பது ஒரு கடல்நாய்.

கைனாத்தின் தம்பி இர்ஃபான் தாம்பரத்துக் காலேஜில் விலங்கியல் படித்தான். பிறகு வெளிநாட்டுக்குப் போனான். இப்போது தென்துருவத்துப் பனிக்கட்டியின் மேல் ஒரு ஆய்வு நிலையத்தில் கடல்நாய்கள் எப்படி முங்குகின்றன, எப்படித் தின்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் இதைக் கேட்டபோது அத்தா தலையில் கையை வைத்துக்கொண்டார். "நாயப் பாக்கவாடா அவ்ளோ தூரம் போற? நம்ம தெருவுல இல்லாத நாயா?" ஆனால் பம்மல் தோல் மண்டியில் காலம் முழுக்கத் தோல் தரம் பிரித்தவர் அவர். அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது. "அது தோலு எப்படி? ஆட்டுத் தோலாட்டமா, மாட்டுத் தோலாட்டமா?"

"தோல உரிக்கப் போகலத்தா," என்று இர்ஃபான் சிரித்தான்.

அதன் தலையில் பசை போட்டு ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவிடுவார்கள். எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு நேரம் மூச்சை அடக்கியது, எங்கே இரை தேடியது என்று பெட்டி குறித்துக்கொள்ளும். பனியில் இருக்கும் துளைக்கு அது மூச்சு விட வந்து தலையை வெளியே நீட்டும்போது எல்லாம் சாட்டிலைட்டுக்குப் போகும், அங்கிருந்து இர்ஃபானுக்கு. தின்பது, தூங்குவது, நினைத்தால் கிளம்புவது, ஒரு மணி நேரம் ஆளைக் காணாமல் போவது, இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தா சொன்னார்: "இது அப்படியே எங்க முதலாளிடா." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் இர்ஃபானுக்கு ஃபோன் முறை வரும்போதெல்லாம், பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்பதற்கு முன்னால் முதலாளி சாப்பிட்டாரா என்று கேட்டார். அம்மாவுக்கு இதில் கோபம்கூட உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, பனி மூடி துளை அடைத்துக்கொள்ளாதா என்று கேட்டார். பல்லால் சுரண்டிச் சுரண்டித் திறந்து வைத்துக்கொள்ளும் என்றான் இர்ஃபான்.

"பல்லு தேஞ்சு போச்சுன்னா?"

அந்த ஃபோனில் ஒன்று சொன்னால் அது போய்ச் சேர்ந்து பதில் வர எப்போதும் ஒரு இடைவெளி விழும். அன்றைக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது. "தேஞ்சா துளை மூடிக்கும்த்தா," என்றான். அத்தா தன் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

இன்றும் வெள்ளிக்கிழமை. கைனாத்தின் கையிலிருந்த செல்ஃபோன் அடித்தது. திரையில் நீளமான, ஊர் பேர் தெரியாத நம்பர். அவள் எழுந்திருப்பதற்குள் அம்மா முந்தானையைப் பிடித்துவிட்டாள்.

"சொல்லாத."

"ஏன் சொல்லலன்னு நாளைக்கு என்னைத்தான்மா கேப்பான்."

"கேக்கட்டும். கப்பல் வர்றதுக்கே இன்னும் மாசக்கணக்குல ஆகும்னு அவனே சொல்றான். பறந்து வர்றதுக்கும் வழியில்ல. சொல்லி இன்னா பண்ணப்போறான்? சூரியனே இல்லாத ஊருல ஒத்தையில உக்காந்து யார் தோள்ல சாஞ்சு அழுவான்?"

கைனாத் பின்கட்டுக்குப் போய் துவைக்கிற கல் பக்கத்தில் நின்று எடுத்தாள்.

"அக்கா! அத்தா எங்க?"

"தூங்குறாங்கடா. ராத்திரியெல்லாம் இருமல்." வாய் கூசாமல் வந்துவிட்டது. இடைவெளி விழுந்தது.

"எழுப்பாத, எழுப்பாத. முதலாளி சௌக்கியம்னு சொல்லு. நேத்துகூட பெரிய மீனா புடிச்சாரு."

அவன் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. அது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் தன் பொய்யைக் காப்பாற்றுகிற அவசரத்தில், என்னடா என்று கேட்கத் தோன்றவில்லை. சளி, பனி, சாப்பாடு என்று ஏதோ பேசிவிட்டு வைத்தாள்.

உள்ளே வந்தபோது அம்மா ஓதுவதை நிறுத்தியிருந்தாள்.

கைனாத்தின் கணவன் உஸாமா அப்போதுதான் ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்திருந்தான். மறைமலை நகர் கார் கம்பெனியில் வேலை, இன்று லீவு போட்டிருந்தான். அவன் மாமனாரின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். நெஞ்சில் காது வைத்தான். "இன்னா லில்லாஹி" என்று சாவுக்குச் சொல்வதை ஆரம்பித்தான்.

"இருங்க," என்று அம்மா கையை உயர்த்தினாள். "வருவாரு."

எல்லாரும் இருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. தெருவில் மீன்காரப் பொன்னியம்மாள் நெத்திலி, நெத்திலி என்று கூவிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவின் கை இறங்கவே இல்லை. கடைசியில் உஸாமாதான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தாடையைக் கட்டத் துணி கேட்டான்.

கைனாத்துக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு எரிந்தது. அவள் பின்கட்டில் நின்று கதையளந்தபோது அத்தாவுக்கு உயிர் இருந்தது. காது இருந்தது. ஃபோனும் கையில்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்து காதில் வைக்க அவளுக்கு என்ன கேடு?

"இர்ஃபானுக்குச் சொல்லணும்," என்றாள்.

அங்கிருந்து கூப்பிட்டால்தான் உண்டு, திரையில் விழும் அந்த நம்பருக்கு இங்கிருந்து பேச முடியாது. மெயில் போடலாம் என்று உஸாமா பைக்கை எடுத்துக்கொண்டு போய், போன வேகத்தில் திரும்பிவந்தான். "ஏரியா ஃபுல்லா கரண்ட் கட். பிரவுசிங் சென்டர்லாம் சாத்திக் கெடக்கு." அப்போதுதான் கைனாத் கவனித்தாள், மின்விசிறியும் நின்றிருந்தது.

பக்கத்து வீட்டு ஞானம்மாள் ஒரு பெரிய ஃப்ளாஸ்க்கில் டீயோடு வந்தாள். அவள் வாசலில் ஊற்றும் தண்ணீர் வழிந்து இந்த வீட்டுப் பக்கம் வருகிறதென்று அவளுக்கும் அத்தாவுக்கும் ஓயாத சண்டை. "காலைலகூட வோணும்னே ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி உட்டேன், கத்துவாருன்னு," என்று சொல்லிவிட்டு அவள் ஓவென்று அழுதாள். "சத்தமே இல்லியேம்மா. அப்பவே நெனச்சேன், இன்னாடா இது பேஜாரா கீதேன்னு." அந்த அழுகையைப் பார்த்தபிறகுதான் கைனாத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பின்கட்டில் நாலு பக்கமும் போர்வையை மறைத்துக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் தண்ணீர் மொள்பவர்களை அதட்டுவது உள்ளே கேட்டது. "மெதுவா ஊத்துங்கப்பா. சத்தமா பேசாதீங்க. அவருக்கு எல்லாம் கேக்கும், பதில்தான் சொல்ல முடியாது." கைனாத் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றாள்.

வெள்ளைக் கஃபன் துணி போர்த்தி, அத்தர் பூசி, மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்து, முகம் பார்ப்பதற்காக மட்டும் துணியை விலக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதினார்கள். வாசலில் தூக்கிப்போகிற சந்தூக் பெட்டி வந்து இறங்கியது. சாயங்காலம் அஸர் தொழுததும் ஜனாஸாத் தொழுகை, அடக்கம். மகன் இருந்தால் அவன்தான் முன்னால் நின்று தொழவைக்கலாம், கபர்க் குழியில் இறங்கி அத்தாவைக் கையில் வாங்கலாம். உஸாமா இறங்குவதாகப் பேச்சு.

அப்போது ஃபோன் அடித்தது. அதே நீளமான நம்பர்.

கைனாத் சமையலறைக்குள் ஓடினாள். அவள் ஹலோ சொல்வதற்குள் தம்பி கத்தினான். "அக்கா! அத்தாவ எழுப்பு!"

"இர்ஃபான், கேளுடா, நான் ஒன்னு..."

அவள் சொன்னது பாதி வழியில் இருக்கும்போதே அவன் பேச்சு வந்து அதன்மேல் விழுந்தது. "திட்டாதக்கா. போன மாசமே முதலாளிகிட்டேர்ந்து சிக்னல் நின்னுபோச்சு. செத்துருச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். பல்லு தேஞ்சிருக்கும், துளை மூடிக்கிச்சுன்னு. அத்தாகிட்ட எந்த வாயால சொல்றது? அதான் மீனு புடிச்சாரு, தூங்கினாருன்னு வாராவாரம் அளந்து விட்டேன். இப்ப மேல வந்துட்டாருக்கா! ஆன்டெனால பனி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு போல. இத்தன நாள் முங்கினது எல்லாம் மொத்தமா வந்து கொட்டுது. இன்னொருத்தன் டர்ன கெஞ்சி வாங்கியிருக்கேன், கொஞ்ச நேரந்தான் பேச முடியும். எழுப்புக்கா. இன்னிக்கு மட்டும் எழுப்பு. காதுல வையி, நான் பேசிக்கிறேன்."

"இர்ஃபான்..." என்றாள் கைனாத். நான்கு மாதமாக யார் முகத்தையும் சரியாகப் பார்க்காத இருட்டிலிருந்து பேசுகிறான். ஊரில் இருந்த நாட்களில்கூட அவன் இப்படிச் சிரித்துப் பேசிக் கேட்டதில்லை. எப்படிச் சொல்வாள்?

ஃபோனைப் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். உள்ளங்கைக்குள்ளிருந்து, அத்தா, அத்தா என்று சின்னதாகக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஓதுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தலைமாட்டில் இருந்த அம்மாவுக்கு அது யார் குரலென்று தெரிந்துவிட்டது.

கைனாத் மண்டியிட்டு ஃபோனை அத்தாவின் காதருகே கொண்டுபோனாள். அம்மா தடுக்கப் போகிறாள் என்று நினைத்தாள். அம்மா குனிந்து, காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"அத்தா, முழிச்சிட்டீங்களா? நான்தான். முதலாளி மேல வந்துட்டாருத்தா. நல்லா கொழுத்துப் போயி வந்திருப்பாரு, அவ்ளோ தின்னிருக்காரு. பல்லெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு போல. நீங்க கேட்டீங்களே, ஞாபகமிருக்கா? நீங்களும் ஒழுங்கா சாப்பிடணும். நான் வர்றப்ப எழுந்து ஏர்போர்ட்டுக்கு வரணும், ஆமா." இர்ஃபான் நிறுத்தினான். பதில் வர ஆகும் நேரத்துக்குக் காத்திருந்தான். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். "அத்தா?"

வாசலில் உஸாமா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, தூக்கலாமா?" என்றான். அவன் பின்னால் நின்றவர்கள் மெதுவாகக் கலிமா சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதுவும் அந்த இடைவெளியைக் கடந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"அக்கா," என்றான் இர்ஃபான். "அங்க யாரு ஓதுறாங்க?"

கைனாத் அத்தாவின் காதிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை. லைன் கட்டாகவில்லை, ஆனால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை, மூச்சுச் சத்தம்கூட. ஆண்கள் படியேறி உள்ளே வந்தார்கள். ஹஃபீசா ஒரு கையில் பஞ்சை மூடிக்கொண்டு, மறு கையை அவர்களைப் பார்த்து உயர்த்தினாள்.