நாற்பத்தாறு கிலோ

துவைப்பதற்காகக் கணவன் ஸ்தனிஸ்லாஸின் பேண்டை வாளியில் அமுக்கியபோது அடியில் கல் இடிப்பதுபோல் சத்தம் கேட்டது. விமலாராணி பைக்குள் கையை விட்டாள். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள், நான்கு. அழுக்குக் கூடையிலிருந்த, அவன் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துண்டை உதறினாள். முடிச்சிலிருந்து இன்னும் ஆறு விழுந்தன. சூளையில் விரிசல் விட்டதென்று, அவன் வேலை பார்த்த பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் குவித்திருக்கும் கழிவு. ஒவ்வொன்றும் அரைக் கிலோ தேறும். எட்டு மாதமாக வேலைக்கே போகாத மனுஷனுக்கு இது எதற்கு என்று யோசித்தாள். காலையில் அவன் எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது ஞாபகம் வந்தது. பத்துக் கட்டை, ஐந்து கிலோ.

முதல் தடவை டிபி வந்தபோது, உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் விட்டவன் அவன். இப்போது வந்திருப்பது சாதாரண மருந்துக்கு அடங்காதது. தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. விழுங்கிய அரை மணியில் தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். சாப்பிட்டு எடை ஏறினால்தான் பிழைப்பான் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதற்காகவே கட்டைக்குத் திருகு மாட்டும் கூலி வேலை முடிந்து வந்து, முட்டையும் மீனுமாகச் சமைத்தாள். ஒருநாள் அவன் தட்டிலேயே வாந்தி எடுத்தபோது அவளுக்கு வாய் மிஞ்சிவிட்டது.

"ஒங்களுக்கு ஆக்கிப் போடுறதும் ஒண்ணு, சாக்கடையில கொட்டுறதும் ஒண்ணு."

தட்டை எடுத்துப்போய் அவனே கழுவினான்.

அதற்கடுத்த எடைக்கு, 2009 ஜூனில், சீட்டில் நாற்பத்தாறு கிலோ என்று இருந்தது. கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். தேறிவிட்டான் என்ற தைரியத்தில் முட்டையை மகள் அனிஷாவின் தட்டுக்கு மாற்றினாள். எடை கூடியதால் ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டினார்கள், வாந்தியும் கூடியது. மருந்து கேட்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். மூன்று மாதமும் சீட்டில் அதே நாற்பத்தாறு இருந்தது.

இப்போது அந்தக் கட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் சாய்ந்திருந்தவன் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினான்.

"மொதல்ல நாலே போதுமா இருந்துச்சு. இப்ப பத்து வேண்டியிருக்குது."

"ஏங்க இப்பிடிச் செஞ்சீங்க?"

"எட ஏறலன்னா, வூட்டுல சோறு போடுறாளா இல்லியான்னு ஆஸ்பத்திரியில ஒன்னத்தான் கேக்குறாங்க. நீ நல்லாத்தான் ஆக்குற, ஒடம்புலதான் ஒட்டல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அன்னிக்கி சீட்டப் பாத்து நீ சிரிச்ச. அதான்..."

மறுநாள் அவளே கூட்டிப்போய் நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெறும் லுங்கியோடு தராசில் ஏறினான். நாற்பத்தொன்று. நர்ஸம்மா திட்டவில்லை. டாக்டரிடம் பேசி மாத்திரையைக் குறைத்து, வாந்திக்குத் தனி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொன்னார்.

"தேறிடுவாருங்களா?"

"மூணு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாருக்கும்மா."

சாயங்காலம் கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, ஒரு கரண்டி ஊட்டினாள். விழுங்கினான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். விரலுக்கு எலும்பு எலும்பாகத் தட்டியது. இறங்கியது தங்க வேண்டுமே என்று இருவரும் அசையாமல் இருந்தார்கள். அடுத்த கரண்டி அவள் கையிலேயே இருந்தது. அதிலிருந்த கஞ்சி மெல்ல ஆடை கட்டத் தொடங்கியது.