அறுபது கிலோ பிரேக்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, குற்ற உணர்ச்சியில் பிறந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி கேட்டதற்காக ஒரு பிரேக் பெடலின் அளவை மாற்றிவைத்தேன். அன்றிலிருந்து எழுத உட்காருகிறேன், தொடக்கங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன.

"லான்செஸ்டனில் அன்று பனிமூட்டம்" என்று ஆரம்பித்தேன். இந்தத் தென்கோடித் தீவில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம், இது ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.

"டெஸ் பைபஸின் வலது கால்" என்று ஆரம்பித்தேன். காலில் ஆரம்பித்தால் கதை நேராகப் பரிதாபத்தில் போய் விழும். அதுவும் போயிற்று.

2

சரி, என்னிடமிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் உட்கார்ந்தபடி கணினித் திரையில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவன் நான். என்னைப்போல் எட்டுப் பேர் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுவோம். புதிதாக வருபவர்களுக்கு முதல் ஸ்டீயரிங்கும் பெடலும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். கைக்குப் பெரிதாக வாங்கிவிட்டுக் காலுக்குக் கிடைத்ததைப் போடுவார்கள். பிரேக்கை முதலில் வாங்குங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வேன்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: மலிவான பெடலில் வெறும் சுருள்வில். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று மட்டும் பார்க்கும், குழந்தை மிதித்தாலும் முழு பிரேக் பிடிக்கும். நல்ல பெடல் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று கிலோவில் அளக்கும். அது பொய் சொல்லாது, நாமாகச் சொல்லச் சொன்னால் ஒழிய.)

3

மர்லீன் பைபஸ் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் டெஸ், சைட்லிங் மலைச்சாலையில் முப்பது வருஷம் மரலாரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கால் தளர்ந்துவிட்டது. ஓட்டிக்காட்டச் சொன்ன அதிகாரி, பிரேக்கை அழுத்தக் காலில் பலமில்லை என்று எழுதி லைசென்ஸை நிறுத்திவிட்டார். வீட்டிலேயே காலைப் பழக்கி மறுபடியும் டெஸ்ட்டுக்குப் போவதாக டெஸ் சொல்கிறாராம். எந்தப் பெடல் வாங்கலாம் என்று மர்லீன் கேட்டார்.

சாதாரண ஸ்டீயரிங் போதும், பெடல் மட்டும் நல்லதாக, எடை அளப்பதாக இருக்கட்டும் என்றேன். அப்படியே வாங்கினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

மாட்டிக்கொடுக்கப் போனேன். மிதித்தால் பெடல் கம்பளத்தில் பின்னால் வழுக்கும், அதனால் பலகையில் முடுக்கிச் சுவரோடு அண்டை கொடுத்தேன். முழு பிரேக்குக்கு அறுபது கிலோ என்று வைத்தேன். டெஸ் உட்கார்ந்து மிதித்தார். திரையின் மூலையில் பதினெட்டு என்று காட்டியது. கார் முதல் வளைவிலேயே நேராகச் சுவரில் போய் மோதியது. மறுபடியும் பதினெட்டு, மறுபடியும் சுவர்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் இடது காலால்தான் பிரேக் பிடிப்போம், நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை.

"நெசக் காருல எந்தக் காலோ அந்தக் கால்தான். எனக்கு வெளையாட்டு வேணாம் தம்பி, லைசென்ஸ் வேணும்."

மர்லீன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். சிப்பிக் கறி வைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றை என் முன்னால் வைத்தார். அந்தப் பெடலை லேசாக்க முடியுமா என்று கேட்டார். அப்புறம் அளப்பதில் என்ன அர்த்தம் என்றேன்.

"அளந்து என்ன ஆகப்போகுது? அந்த மனுஷன் சிரிச்சு ஒரு வருஷமாச்சு. அவருக்குத் தெரிய வேணாம்."

திரும்பிப் போய், திருகாணி தளர்ந்திருக்கிறது என்று டெஸ்ஸிடம் சொல்லி, அதை முடுக்குவதுபோல் பாவனை செய்து, அறுபதைப் பதினைந்தாக்கித் திரை மூலையில் இருந்த எண்ணையும் மறைத்தேன். அடுத்த சுற்றில் கார் வளைவில் கச்சிதமாக நின்றது. டெஸ் சிரித்தார்.

[இங்கே அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். படித்தால் என்னை மன்னித்துவிடுவீர்கள்.]

5

ஒரு சந்தேகம். முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்குப் பதினைந்துக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் தெரியாதா? முதல் வரைவில் டெஸ்ஸை இன்னும் அப்பாவியாக எழுதியிருந்தேன். அது என் வசதிக்காக. பக்கவாதம் வந்த காலுக்குப் பாரம் தெரிவதில்லை என்று மர்லீன் சொல்லியிருந்தார். ஆகவே அவர் நம்பினார். என் வார்த்தையைத்தான் நம்பினார்.

6

இன்று காலை டெஸ் கூப்பிட்டார்.

"கால் வந்துருச்சு தம்பி. இந்த வாரம் ஒரு தடவகூட செவுத்துல முட்டல. நாளைக்கு நம்ம வண்டிய எடுத்து சைட்லிங் எறக்கத்துல ஒரு ஓட்டு. யாரும் பாக்க மாட்டாங்க. அப்பறம் டெஸ்ட்டு. மர்லீனும் பக்கத்துல வர்றா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து ஓட்டுங்க" என்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

7

முடிவுகள்.

அ. நிஜக் காரில் சாதாரணமாக நிறுத்த அறுபது கிலோ தேவையில்லை. பதினெட்டே போதும், குறுக்கே எதுவும் பாயாதவரை. இருவரும் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். (சைட்லிங்கில் சாலைக்குக் குறுக்கே பாயும் வால்லபிகள், அந்தச் சின்னக் கங்காருகள், எத்தனை என்று எனக்குத் தெரியும்.)

ஆ. யாருக்கும் சொல்லாமல் போய் மறுபடியும் அறுபதாக்குகிறேன். கார் சுவரில் மோதுகிறது. கால் மீண்டும் போய்விட்டதென்று டெஸ் நினைத்துக்கொள்கிறார். இதை எழுதும்போதே என்மீது எனக்கு அருவருப்பாக இருந்தது.

இ. உண்மையைச் சொல்கிறேன். மர்லீன் சாவியை ஒளித்துவைக்கிறார். டெஸ் அதற்குப் பிறகு அந்தப் பெடலுக்கு முன்னால் உட்காரவே இல்லை.

ஈ. நாலாவது வளைவு தாண்டி மரலாரி ஒன்று எதிரே

8

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது நாளைய சனிக்கிழமை கடந்துபோயிருக்கும். உங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இப்போது வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. நாள் முழுக்க நாலு முடிவு எழுதினேன். போன் மேசைமேல்தான் கிடந்தது. கோழைக்குக் கதை எழுதத் தெரிந்தால் இதுதான் கதி.

எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது. மர்லீன் எடுக்கிறார். பின்னால் அந்த அறையில் டெஸ் சிரிப்பது கேட்கிறது. நான் எழுதாமல் விட்ட அதே சிரிப்பு.

"சொல்லுங்க" என்கிறார் மர்லீன்.