குறைந்தபட்சம் இருவர்

லிஃப்ட்காரர் ஒன்றை அழுத்தினார். கம்ப்யூட்டர் இரண்டைக் காட்டியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஒன்றை அழுத்தினார். கட்டம் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, திரும்பவும் இரண்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டது. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி முளைத்தது: சுவைக்கும் மேசைக்குக் குறைந்தபட்சம் இருவர் வேண்டும். வெளிநாட்டில், திராட்சை விளையும் ஒரு பள்ளத்தாக்கில், ஒரு சின்ன விடுதியின் வரவேற்பறை மூலையில், விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த அந்தக் கம்ப்யூட்டரோடு அவர் காலை ஏழு மணியிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாள், ஏழு ஒயின் ஆலைகள். ஏழிலும் இருவருக்கு இடம் பிடித்தாகிவிட்டது. வந்து இறங்கியிருப்பதோ ஒருத்தர். ஏழு ஆலைக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல் அதே வரியைத்தான் காட்டினார்கள்.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்டுக்குள் 'அதிகபட்சம் ஆறு பேர்' என்ற தகட்டைத் திருகி மாட்டியவர் அவர். ஆறுக்கு மேல் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டால் கயிறு, மோட்டார், பிரேக் என்று அரை மணி நேரம் விளக்குவார். ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

குறைந்த ஆள், சகலை. விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது: 'நீங்க முன்னாடி போங்க சகலை. ரெண்டு நாள்ல பின்னாடியே வந்துடறேன்.' காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. லிஃப்ட்காரரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

சட்டப்படி பார்த்தால் அவர்கள் சகலைகளே இல்லை. அக்காவை ஒருவரும் தங்கையை ஒருவரும் கட்டியிருந்தால்தான் சகலை. லிஃப்ட்காரர் கட்டிய அக்கா மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், பெட்டியோடு வாசலில் நின்றார். "உங்களோட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு. தனியாவே இருந்துட்டா ஒருத்தர் துணி துவைக்கற வேலையாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். பிற்பாடு கோர்ட்டும் அதைச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டது. லிஃப்ட்காரரால் எதிர்த்து வாதாட முடியவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் ஓயாமல் அளந்துகொட்டும் மனுஷன், சொந்த வீட்டு வாசற்படி தாண்டியதும் ஊமையாகிவிடுவார். அது ஏன் என்று அவருக்கே விளங்கியதில்லை.

தங்கை வீட்டில் அவர் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தடை. சகலை மட்டும் தினமும் சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு போன் போடுவார். போட்டால் பேச விஷயம் வேண்டுமே? அக்காவைப் பற்றிப் பேச முடியாது. தங்கையைப் பற்றிப் பேசினால் வம்பு. அதற்காக இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததுதான் ஒயின் பயணம்.

அதற்கு ஒரு பழைய பொய் கைகொடுத்தது. இளவயதில் லிஃப்ட்காரரை இதே பள்ளத்தாக்குக்கு, ஓர் ஆலையில் பீப்பாய் ஏற்றும் லிஃப்டை மாட்டச் சொல்லிக் கம்பெனி அனுப்பியிருந்தது. பன்னிரண்டு நாளும் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடந்தவருக்கு ஒரு சொட்டு ஒயின் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பி ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னபோது அது நாற்பது பீப்பாய்களாக வளர்ந்துவிட்டது. நாற்பதையும் ருசி பார்த்து, நாற்பத்தொன்றாவது பீப்பாய்க்குள் தவறி விழுந்து, நீந்திக் கரையேறினாராம். கேட்டவர்கள் எல்லாரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். சகலை மட்டும் எச்சில் கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சகலை?"

"அங்கதான் கத்துக்கிட்டேன்."

சகலை பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலகத்து நதிகளை எல்லாம் கரும்பலகையில் ஓடவிட்டவர், பக்கத்து மாவட்டத்தைத் தாண்டியதில்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து திட்டம் போட்டார். எந்த மலைச்சரிவில் காலை வெயில் விழும், எந்த ஆலைக்கு எந்த பஸ், வெள்ளை ஒயினை முதலில் குடிப்பதா சிவப்பை முதலில் குடிப்பதா என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தார். ருசி பார்ப்பவர்கள் செய்வதுபோல் வாயில் ஊற்றியதை வாளியில் துப்ப வேண்டுமா விழுங்கலாமா என்று மட்டும் ஒரு மாதம் தகராறு நடந்தது. கடைசியில் லிஃப்ட்காரர் விழுங்குவது, சகலை துப்புவது என்று சமாதானமானது. ஏனென்றால் சகலைக்குச் சர்க்கரை. போவோமா மாட்டோமா என்ற கேள்வி அந்த இரண்டு வருடத்தில் எழவே இல்லை. எழுந்திருந்தால் பேச்சு முடிந்துபோயிருக்கும்.

முதல் ஆலையில், மேசைமேல் இரண்டு கிளாஸ்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருந்தாள். "இன்னொருத்தர் எங்கே?" என்றாள். லிஃப்ட்காரர் பஸ்ஸில் வந்தவர். "வண்டியை நிறுத்திட்டு வர்றார்" என்றார். கைவசம் இருந்தது கொஞ்சம் ஆங்கிலமும் லிஃப்டு சம்பந்தப்பட்ட இருபது சொற்களும்தான். ஆனால் பொய்க்கு அதிகம் இலக்கணம் வேண்டியதில்லை. அவள் இரண்டிலும் ஊற்றினாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாய் ஒயின் குடித்தார். புளித்துப்போன திராட்சைச் சாற்றில் ஒரு பழைய கதவை ஊறவைத்த மாதிரி இருந்தது. பிரமாதம் என்று தலையை ஆட்டினார். அரை மணி கழித்து, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, சகலை பங்கை வாளியில் ஊற்றினார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

இரண்டாவது ஆலையில் சகலைக்குச் செருப்பு அறுந்துவிட்டது. மூன்றாவதில் பீப்பாய் வரிசையைப் பார்த்ததுமே அவருக்கு அழுகை வந்து, தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். ஏன் அழுகிறார் என்று ஆலைக்காரர் பதறினார். "பூகோள வாத்தியார். இதையெல்லாம் படத்துல மட்டுமே பார்த்தவர்" என்றார் லிஃப்ட்காரர். ஆலைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி, 'ஆலையில நீங்களும் கூடவேதான் இருந்தீங்க' என்று சகலைக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் மத்தியானம், ஊரில் அது சாயங்காலம், போன் வந்தது.

"சகலை, நேத்து நான் என்னென்ன பண்ணேன்?"

லிஃப்ட்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அழுதேனா? நானா?"

"தேம்பித் தேம்பி."

"சும்மா சொல்லாதீங்க, இங்க காயப்போட்ட துண்டுல நெஜமாவே மூக்கைச் சிந்திட்டேன். துப்பினேனா?"

"எல்லாத்தையும்."

"அப்ப சர்க்கரை ஏறியிருக்காது." பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "நாளைக்குப் பார்க்கலாம் சகலை. வர்றதுக்குத்தான் பாக்கறேன்."

பள்ளத்தாக்கு என்பது ஒரே ஒரு தெருவைப் போன்றது; ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும். நான்காவது ஆலையில் லிஃப்ட்காரர் நுழையும்போதே, "மிஸ்டர் சகலைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றைத் தயாராகப் போட்டு, மேலே ஒரு கம்பளியும் மடித்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது ஆலையில் கணக்குப் பிசகியது. சகலை வெளியில் இருக்கிறார் என்று இவர் சொன்ன பத்தாவது நிமிடம், பீப்பாய்களைத் தட்டிப் பார்க்கும் வேலையாள் உள்ளே வந்து, அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று என்றார். "குடிச்சாரா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். "முழுசா குடிச்சார். பழுப்புத் தொப்பி அவருக்கு நல்லா இருக்கு. மரியாதையான மனுஷன்."

லிஃப்ட்காரர் ஆயுசில் எத்தனையோ அளந்திருக்கிறார். தான் அளந்ததை இன்னொருத்தர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னது அன்றுதான். ஆறாவது ஆலையில் மிஸ்டர் சகலைக்கென்று ஒரு புட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார்கள். உங்களுக்கு எப்படி இருந்தது ஐயா, கால் வலிக்கிறதா, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குப் பொறாமை என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது. வராத மனுஷனுக்கு இத்தனை உபசாரம்! வந்த மனுஷனுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குட்டைதான் துணை. அதுவும் அவருடையதே.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்ததும், "நேத்து நீங்க என்ன பண்ணீங்க தெரியுமா சகலை?" என்று ஆரம்பித்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. அது சகலையின் மூச்சு இல்லை.

"அத்தான்" என்றாள் சகலையின் மனைவி. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை பழக்கதோஷத்தில் வந்துவிட்டது போல. வந்தபின் அதை எடுக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் கொஞ்சம் தடுமாறினாள். "தினம் ஒரு மணி நேரம் துணி எடுக்கறாரு. எங்க வீட்டுல ஏது அவ்வளவு துணி? எனக்கு மொத வாரமே தெரியும்."

லிஃப்ட்காரர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அவர் வரமாட்டார். டிக்கெட்டை அன்னைக்கே கேன்சல் பண்ணிட்டார். உங்ககிட்ட சொல்ல வாய் வரலை, அதான் நான் பேசறேன். நான் ஒண்ணும் தடுக்கலை. அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"திட்டினாளா?"

"திட்டியிருந்தா தேவலை. இந்த வீட்டுல மூணு பேரும் ஒரே பக்கம்னு நெனச்சேன், ரெண்டு பேர்தான் போலன்னு சொன்னா. அதோட தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா." குரல் தணிந்தது. "அவளுக்கு வேற யார் இருக்கா அத்தான்? உங்களுக்குப் போற எடமெல்லாம் ஆள் சேரும். கதை சொல்லியே சேர்த்துடுவீங்க. இவரை விட்டுடுங்க. இனிமே போன் வராது. நீங்களும் போடாதீங்க."

"சரிம்மா."

"கோவமா?"

"இல்லம்மா. அவர் மாத்திரையை மட்டும் மறக்காம சாப்பிடச் சொல்லு."

போனை வைத்த பிறகுதான், தன் வீட்டுப் பேச்சுபோலவே நாலே வார்த்தையில் இதையும் முடித்துவிட்டோம் என்று உறைத்தது. சகலையின் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டியவை வரிசையாக வந்து நின்றன. அவை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஏழாவது ஆலை மேட்டின்மேல் இருந்தது. அறுவடைக் காலம். கொடிவரிசைகளுக்கு நடுவே ஆட்கள் கூடையும் கத்திரியுமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆலைக்காரியம்மாள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க எதிரே வந்து வரவேற்றாள். பருத்த உடம்பு, உரத்த குரல். மேசைமேல் இரண்டு கிளாஸ், இரண்டு தட்டு, இரண்டு துணி. "எங்கே அவர்? பள்ளத்தாக்கு முழுக்க அவர் பேச்சாத்தான் இருக்கு" என்றாள்.

லிஃப்ட்காரர் உட்காரவில்லை. "அவர் வரலை" என்றார். "நேத்தும் வரலை. முந்தாநாளும் வரலை. ஊரை விட்டே கிளம்பலை. நான் தனியாத்தான் வந்தேன். உங்க சட்டப்படி எனக்கு இங்க இடம் கிடையாது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." வாழ்நாளில் வெளியிடத்தில் அவர் பேசிய உண்மைகளிலேயே அதுதான் நீளமானது.

ஆலைக்காரியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"சண்டையா?"

"சண்டை இல்லம்மா. ஆளே இல்லைங்கறேன்."

"என் புருஷனும் நானும் இப்படித்தான். சண்டை வந்தா ஆளே இல்லைன்னுடுவோம்." அவள் வாசல்வரை அவரைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். "நீங்க ரெண்டு பேரும் எத்தனை தூரம் தாண்டி வந்திருக்கீங்க? போய் ரெண்டு வார்த்தை பேசுங்க. நான் அடுப்பைப் பார்த்துட்டு வர்றேன். அதோ, உங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கார் பாருங்க." கையை நீட்டிக் காட்டினாள். கடைசி வரிசையின் முடிவில், ஒரு கல்மேடையின்மேல், பழுப்புத் தொப்பி வைத்த ஒரு முதுகு தெரிந்தது.

திராட்சை பறிக்கிற ஆள்தான். வேலைக்கு நடுவே காலாறிக்கொண்டிருக்கிறான். லிஃப்ட்காரருக்கு அதில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் கயிற்றையும் பிரேக்கையும் நம்பிப் பிழைத்தவர், கண்ணுக்குத் தெரிவதைத் தவிர வேறெதையும் நம்புகிறவர் அல்ல. ஆனாலும் நடந்தார். இருபுறமும் இலைகள் உயரமாக மறைத்த அந்த வரிசைக்குள் நடக்க நடக்க, ஆலைக்காரியம்மாளின் சாவிச் சத்தமும் மற்ற ஆட்களின் பேச்சும் பின்னால் தங்கிவிட்டன. வெயில் முதுகில் விழுந்தது. காலடியில் உதிர்ந்த பழங்கள் நசுங்கின. பத்தடி இருக்கும்போது நின்றார். இன்னும் கிட்டப் போனால் அந்தத் தலை திரும்பும். திரும்பினால் ஒரு முகம் இருக்கும்.

தொண்டையைச் செருமினார். கூப்பிட ஒரு சொல் இருந்தது, வாய்வரைக்கும் வந்தது.

தொப்பி திரும்பவில்லை. தூரத்து மலையைப் பார்த்தபடியே அந்த மனிதன் ஒரு கையை நீட்டி, மேடையின்மேல் பக்கத்தில் வைத்திருந்த திராட்சைக் கூடையைத் தூக்கிக் கீழே தரையில் வைத்தான். கூடை இருந்த இடத்தில், இன்னொருத்தர் உட்காரும் அளவுக்குக் காலியான கல்லின்மேல், ஈரமாக ஒரு வட்டம் தெரிந்தது. இரண்டு குளவிகள் வந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து, உடனே எழுந்து பறந்தன.