பதினான்கு நிறங்கள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ள நிவாரண முகாம்களின் நிலவரத்தை எல்லோருக்கும் காட்டும் இணையதளத்துக்காக, ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பதினான்கு நிறங்களில் வரைபடம் போட்டேன். அவள் போட்டது நாலே கோடு. மேலாளர் அதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

தளத்தைச் சோதிப்பது என் அக்கா. அக்காவுக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி வாசிக்க, கேட்டுக் குறை சொல்வாள். அன்று எங்கள் அறைக்கே வந்து இரண்டையும் கேட்டாள்.

“உன்னோடதுதான்டா நல்லா இருக்கு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னொரு தடவை சத்தமா போடுக்கா,” என்றேன், பக்கத்து மேசையில் இருந்த அந்தப் புதியவள் கேட்கட்டும் என்று.

கணினி வாசித்தது: “வடகரையில் மூன்று முகாம்கள். பள்ளி முகாமில் மட்டும் நாற்பது பேருக்கு இடம் உண்டு. படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறது.”

பார்வையற்றவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டுவதற்காகப் படத்தின் விளக்கத்தை எழுதும் கட்டத்துக்குள் நான் போட்டது ‘படம்’ என்ற ஒற்றைச் சொல். அதைத் திருத்த முடிந்த இன்னொரு ஆள் அந்தப் புதியவள்தான்.

“நீதானே எழுதின?”

“ஆமாக்கா.”

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அவள் வாயைத் திறந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.