நெட்வொர்க் கார்டைக் காணவில்லை

ஐந்தாவது தடவையும் திரையில் அந்த வரி வரவில்லை. மற்றதெல்லாம் பட்டியலில் சமத்தாக நின்றது. நெட்வொர்க் கார்டு மட்டும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் ஓங்கி வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் கணவர் தன் வெள்ளைப் பலகையை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, எழுதிக் காட்டினார்.

"மேஜை என்ன பாவம் பண்ணுச்சு?"

ஏழு மாதமாக அவர் பேசுவது இப்படித்தான். தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது குரலும் சேர்ந்து போய்விட்டது. ஆள் பிழைத்தாரே, அது போதும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் போதும்தான். ஆனால் இருபது வருஷம் ஓயாமல் வாயாடிய மனிதர் எழுதிக் காட்டிச் சண்டை போட்டால், பதிலுக்குக் கத்த எனக்கு மனசு வருமா? வீட்டில் சண்டையே சப்பென்று போய்விட்டது.

அவர் புவியியல் வாத்தியார். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகத் தினமும் சாயங்காலம் இதே அறையில் உட்கார்ந்து பாடத்தைப் பேசிப் பதிவு செய்வார். நான் அடுப்படியிலிருந்து எதையாவது கேட்டுக் குரல் கொடுப்பேன். பதிவு கெட்டுவிடும். முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்கு ஒரு சண்டை. ஒன்பது வருஷப் பதிவும் அலமாரிமேல் இருக்கிற பழைய சேமிப்புப் பெட்டியில் கிடக்கிறது. இந்த வீட்டில் அவர் குரல் மிச்சம் இருப்பது அதற்குள்தான்.

அந்தப் பெட்டி இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இரண்டு மாதம் முன்பு நாற்பது நிமிஷம் ஓடிவிட்டு நின்றது. போன மாதம் இருபத்தைந்து. போன ஞாயிறு பதினான்கு. உள்ளே இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி வேறெதிலாவது மாட்டலாம் என்றால், அது தன் சொந்தப் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறது. வேறு இடத்தில் திறக்காது. ஃபோன் வழியாக எடுத்துப் பார்த்தோம், பாதியில் கழன்றுகொண்டது. இருக்கிற ஒரே வழி, பெரிய சர்வர் ஒன்றைக் கட்டி, இரண்டையும் கேபிளால் இணைத்து, பெட்டி மூச்சை விடுவதற்குள் முடிந்ததை வாரிக்கொள்வது.

கட்டுவது நான்தான். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக நடுவழியில் நின்ற லிஃப்டை எல்லாம் அசைய வைத்தவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா என்று வாயைவிட்டுச் சொல்லியும் ஆயிற்று. மதர்போர்டு பழையது, அதிலேயே இருந்த நெட்வொர்க் வாய் கருகிப்போனது. கடைக்காரர் மறைக்காமல் சொல்லித்தான் விற்றார். அதனால் தனியாக ஒரு கார்டு. அந்தக் கார்டுதான் இன்று காலையிலிருந்து எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

கழற்றினேன். தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். மாட்டினேன். இல்லை. கார்டு செருகும் பக்கத்து ஸ்லாட்டில் மாட்டினேன். இல்லை. சரி, கார்டே கோளாறு என்று முடிவு கட்டி, அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் அதைச் செருகினார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, கார்டு கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப நீங்க குடுத்த போர்டு சரியில்ல, தம்பி."

"ரெண்டு ஸ்லாட்டையும் உங்க கண்ணு முன்னாடிதானே ஓட்டிக் காமிச்சேன்? வீட்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"நான் என்னத்த மாத்துறது? எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"கோச்சுக்காதீங்கக்கா. சும்மா கேட்டேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டினேன். விடுகிற எண்ணம் மட்டும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூட ஓரமாக விடாமல் கார்டை எட்டாவது தடவை மாட்டினேன். இல்லை. போர்டையே மொத்தமாகக் கழற்றிவிடலாம் என்று முதல் திருகில் கை வைத்தபோது அவர் பலகையைத் தட்டினார்.

"நோட்டு?"

சர்வரின் பக்கவாட்டில் நூலில் கட்டித் தொங்கவிட்ட நோட்டைச் சொல்கிறார். எங்கள் தொழிலில் ஒவ்வொரு லிஃப்டின் மெஷின் அறையிலும் அப்படி ஒரு நோட்டு தொங்கும். எதை அணைத்தாலும் எதைத் துண்டித்தாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவர் அதைப் படித்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். படிக்காமல் கை வைத்த இரண்டு பேரை நான் அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பழக்கதோஷத்தில் இந்தப் பெட்டிக்கும் ஒன்றைக் கட்டியிருந்தேன். லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு எழுதுறியா என்று அவர்கூட அன்றைக்குப் பலகையில் எழுதிக் கிண்டல் செய்தார்.

"அதுல என்னங்க இருக்கப் போகுது? நான் எழுதினதுதானே!" என்றேன்.

அவர் எழுந்து வந்து நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

'பயன்படாதவை அணைக்கப்பட்டன: காலி ஸ்லாட் இரண்டும், ஒலி.' கீழே என் கையெழுத்து. போர்டு வந்த அன்றைய தேதி.

என் முகத்தில் ஈயாடவில்லை. லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் கதவு திறக்கக் கூடாது என்பது எங்கள் பால பாடம். போர்டு வந்த அன்று ஸ்லாட் இரண்டும் காலி; போர்டை அமைக்கிற செட்டப் திரைக்குள் போய் நானே அவற்றை அணைத்து, நானே எழுதி வைத்தேன். கார்டு வாங்கியது பத்து நாள் கழித்து. அடுத்தவன் எழுதியது என்றால் வரி வரியாகப் படித்திருப்பேன். எழுதியது நானாச்சே!

"சிரிக்காதீங்க" என்றேன். அவர் தோள் குலுங்கியது. சத்தம்தான் வரவில்லை.

செட்டப் திரையைத் திறந்து இரண்டு ஸ்லாட்டையும் உயிர்ப்பித்தேன். மறுபடி ஓடவிட்டேன். பட்டியலில் கடைசியாக அந்த வரி வந்து நின்றது. பின்னால் பச்சை விளக்கு. "வந்துட்டான்!" என்று கத்தியேவிட்டேன். கேபிளைச் செருகி, எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் பழைய பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஃபோல்டர்கள் திரையில் வந்தன. 'பாடங்கள்' என்பதைப் பிடித்து இழுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கோணல்மாணலாக எழுதினார்.

"குறுக்கீடு. அத முதல்ல."

கடைசியில் அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தது. நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"என்னங்க இது? ஒன்பது வருஷப் பாடத்த விட்டுட்டு? பொட்டி எப்ப நிக்கும்னே தெரியல!"

"பாடம் பிள்ளைங்ககிட்ட இருக்கு. ஸ்கூல்ல இருக்கு. இது இங்க மட்டும்தான்."

இரண்டு நிமிஷம் போய்விட்டது. விடாப்பிடிக்காரர் என்று எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஃபோல்டரையே இழுத்தேன். இருநூற்றுப் பதின்மூன்று பதிவுகள். ஒவ்வொன்றாக எண்ணிக்கை ஏற ஏற, இருவரும் திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டாவது நிமிஷத்தில் முடிந்தது. உடனே பாடங்களைத் தொடங்கினேன். பத்தாவது நிமிஷத்தில் பழைய பெட்டி 'டக்' என்றது. விளக்கு அணைந்தது.

ஆறவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டேன். வரவில்லை. மின்விசிறிக்கு அடியில் வைத்துப் போட்டேன். வரவில்லை. மின்சாரம் தருகிற அடாப்டரை மாற்றிப் போட்டேன். மூன்றாவது தடவை அவர் என் தோளைத் தொட்டார். போதும் என்று தலையாட்டினார்.

"அப்படி அதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டு, புதுப் பெட்டியில் முதல் பதிவைத் தட்டினேன். ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. இந்தத் தடவை நான் நேரே நோட்டைப் பார்த்தேன். ஒலி. சேமித்து வைக்கிற சர்வருக்கு ஒலி எதற்கு என்று அணைத்ததாக நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். நிஜம் அதில்லை. இந்த வீட்டில் இனிமேல் அது யாருக்கு வேணும் என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதனால் அணைத்தேன்.

திறந்துவிட்டேன். நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பதிவைத் தட்டினேன்.

"...ஆகவே, அழுத்தம் குறைவாக உள்ள பகுதியை நோக்கிக் காற்று—"

தடாலென்று ஒரு பாத்திரம் விழுந்தது. தொடர்ந்து என் குரல், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி: "ஏங்க! என் ஸ்க்ரூடிரைவர எங்க வச்சீங்க?"

"அம்மா தாயே, பாடம் ஓடிட்டிருக்கு. மேஜ மேல பாரு."

"இங்க இல்லையே!"

"இருக்கும். நல்லாப் பாரு. உன் கண்ணு முன்னாடிதான் இருக்கும்." பிறகு அவர் சிரிப்பு. தொண்டையிலிருந்து வருகிற அதே சிரிப்பு.

கெட்டுப்போனதை எல்லாம் அன்றன்றே அழித்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"கெடச்சிருச்சுங்க" என்றேன், ஸ்பீக்கரைப் பார்த்து. அழுதுவிட்டேன்.

அவர் தன் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, பலகையை எடுத்து எழுதினார்.

"இன்னும் இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. அடுத்தத போடு."