பிங்கோ நேரத்துப் பாட்டு

மேவிஸ் ஹோல்ராய்டு புதுப்பாட்டின் முதல் அடியைத்தான் பாடியிருந்தாள். அதற்குள் கிளப் செயலாளர் வில்ஃப் மேடையேறி, அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"சூடா பட்டாணி வந்தாச்சு! தீந்துபோச்சுன்னா என்னைத் திட்டாதீங்க!"

பார்ன்ஸ்லி சுரங்கத் தொழிலாளர் கிளப் மொத்தமும் எழுந்து ஓடியது. அவள் பாட்டைக் கேட்பதற்கென்றே லண்டன் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஜெரமியையும் யாரோ தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்து வருடங்களுக்கு முன்னால் நாடே முணுமுணுத்த ஒரு பாட்டைப் பாடியவள் மேவிஸ். அதற்குப் பிறகு எதுவும் எடுபடவில்லை. எந்த ஊர் மேடையிலும் அந்தப் பழைய பாட்டைத்தான் கேட்கிறார்கள். அவளுக்கோ அதைப் பாடிப் பாடி நாக்கே புளித்துவிட்டது. புதுப்பாட்டு அவளே எழுதியது. கரி படிந்த சட்டைகளைத் திங்கட்கிழமைதோறும் துவைத்துத் துவைத்துக் கை வெடித்துப்போன அம்மாவைப் பற்றியது. கூட்டம் அதைக் கடைசிவரை கேட்டால் பதிவு செய்வோம், இல்லையென்றால் ஒப்பந்தம் இத்தோடு சரி என்று ஜெரமி கறாராகச் சொல்லியிருந்தான்.

"ஏன் வில்ஃப் இப்படிப் பண்ணினீங்க?"

"பட்டாணி ஆறிடும்ல, கண்ணு. பிங்கோ முடிஞ்சதும் பாடேன்."

"முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போயிடுவாங்க."

"பழைய பாட்டைப் பாடியிருந்தா பட்டாணியைக்கூட மறந்திருப்பாங்க. யார் உன்னைப் புதுசு பாடச் சொன்னது?"

மேவிஸுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இந்த மண்டபம் எப்போதாவது வாயை மூடுமா என்று யோசித்தாள். மூடும், பிங்கோவுக்கு மட்டும் மூடும். அப்போது குண்டூசி விழுந்தால் கேட்கும். இருமுகிறவனைக்கூட முறைப்பார்கள்.

"வில்ஃப், இன்னைக்கு பிங்கோ நம்பரை நான் கூப்பிடுறேன்."

"தாராளமா! எனக்கும் தொண்டை கட்டியிருக்கு."

பரிசு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கான பெரிய மாட்டிறைச்சித் துண்டு. தன் அட்டையிலுள்ள எண்களையெல்லாம் முதலில் அடித்து முடித்து "ஹவுஸ்!" என்று கத்துகிறவருக்கு அது. மேவிஸ் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதிலிருந்த எண்ணைப் படித்தாள். தலைகள் எல்லாம் அட்டைமேல் கவிழ்ந்தன. முன்மேசையில் உட்கார்ந்திருந்த எட்னா, பிங்கோ என்றால் பெற்ற பிள்ளையையும் மறக்கிறவள், பேனாவைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்று முனகினாள்.

மேவிஸ் அடுத்த பந்தை எடுத்தாள். பார்த்தாள். கையை இறுக மூடிக்கொண்டாள்.

"எண் என் கையில இருக்கு. மொதல்ல பாட்டு."

"அடிப்பாவி!" என்றாள் எட்னா. வில்ஃப் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க வில்ஃப். மைக்கைத் தொட்டீங்க, பந்தை முழுங்கிடுவேன்."

பக்கவாத்தியம் கிடையாது. ஆர்கன் வாசிப்பவனும் கையில் அட்டையோடுதான் உட்கார்ந்திருந்தான். மேவிஸ் தனிக்குரலில் பாடினாள். யாரும் நகரவில்லை, நகரவும் முடியாது. முதல் சரணத்தில் எல்லோரும் அவள் முஷ்டியையே பார்த்தார்கள். இரண்டாவது சரணத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கடைசிச் சரணத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டதால் யார் எதைப் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் கையை விரித்தாள். "நாப்பத்திமூணு."

ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. மேவிஸ் காத்திருந்தாள். பிறகு அடுத்த பந்தை எடுத்தாள். "பதினெட்டு."

"ஹவுஸ்!" என்று பின்மேசையில் ஒருவர் கத்தினார்.

எட்னா அப்போதுதான் குனிந்து தன் அட்டையைப் பார்த்தாள். அவளுக்குப் பாக்கியிருந்த எண் நாற்பத்து மூன்று. அடுத்த எண் வருவதற்குள் கத்தாவிட்டால் போனது போனதுதான், அதில் அங்கே பேச்சுக்கே இடமில்லை. இப்போது என்ன ரகளை நடக்கப்போகிறதோ என்று மண்டபமே அவளைப் பார்த்தது.

"என் மாட்டுக்கறி போச்சு" என்றாள் எட்னா, மூக்கைத் துடைத்தபடி. "எங்கம்மா கையும் அப்படித்தான்டி இருக்கும்."

ஜெரமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மேவிஸ், புதன்கிழமை ஸ்டூடியோவுக்கு..."

"சும்மா உக்காருப்பா" என்று எட்னா அவனை அடக்கினாள். "இன்னொரு தடவை பாடு, கண்ணு. இந்தத் தடவை பந்து வேணாம்."