செங்கொடிப் பதக்கத்தின் திருகாணி

அந்தப் பதக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் கோம்போவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குறைந்தது போலிருக்கும். முன்பக்கம் சிவப்பு எனாமல் இன்னும் மங்கவில்லை. பின்பக்கம் 583 என்ற எண்ணும் நடுவில் ஒரு மரையாணியும் இருந்தன. அந்த ஆணியில் மாட்டி முடுக்குகிற வட்டத் திருகாணிதான் அதனுடையது அல்ல. யாரோ சந்தையில் கடைந்து கொடுத்த பித்தளைத் துண்டு அது.

அவர் உலான்பாத்தர் ரயில்வேயில் முப்பது வருடம் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, சோவியத் நட்சத்திரங்களும் மங்கோலியப் போர் விருதுகளும்தான் அவருக்குத் துணை. தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் முழுசு. பதினொரு வருடமாக இது ஒன்று மட்டும் அரைகுறை.

ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர்கள் கூடுகிற இடத்தில் தோக்மித் விடமாட்டான்.

"யோவ் கோம்போ, உன் செங்கொடியை முன்னால பார்த்தா தளபதி. பின்னால பார்த்தா பல்லு போன கிழவன்!"

"உன் வாய்க்கு ஒரு திருகாணி கிடைச்சா முதல்ல அதை வாங்கிப் போடுறேன்," என்பார் கோம்போ. ஆனால் வீட்டுக்குப் போய் அதையேதான் எடுத்துப் பார்ப்பார்.

அந்தக் கோடையில், பதக்கத்தை அவருக்கு விற்ற பழைய வியாபாரியைச் சந்தையில் தற்செயலாகப் பார்த்தார். திருகாணி எங்கே தொலைந்தது என்று கேட்டார்.

"தொலையலண்ணே. கிழக்கே கல்க் ஆத்தங்கரையில சும்பர்னு ஒரு ஊர். அங்க வானிலை நிலையத்துல வேலை பார்க்கிற நாம்ஜில்மாங்கிற பொம்பளை, பனியில ஆடெல்லாம் செத்த வருஷம் ரெண்டு மூட்டை மாவுக்கு அவ அப்பாவோட இந்தப் பதக்கத்தைக் கொடுத்தா. கொடுக்கிறப்ப திருகாணியை மட்டும் கழட்டி மடியில வச்சுக்கிட்டா. குதிரையை வித்தா பிடரியில நாலு முடி பிடுங்கி வச்சுக்கிறோமே, வீட்டு அதிர்ஷ்டம் கூடவே போயிடக் கூடாதுன்னு? அந்த மாதிரி. நானும் போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

கோம்போவுக்கு அன்றிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை. தேயிலைக் கட்டியும் மிட்டாயும் நல்ல ரஷ்யத் தொலைநோக்கி ஒன்றும் வாங்கினார். ஒரு திருகாணிக்கு மாற்றாக இது தாராளம் என்று நினைத்துக்கொண்டார். எண்ணைக் காட்டினால்தான் நம்புவாள் என்று பதக்கத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிழக்கே போகும் ஜீப்பில் இடம் பிடித்தார்.

இரண்டு நாள் புழுதி. மூன்றாம் நாள் மதியம், ஊர்க் கோடியில் வானிலைக் கருவிகளுக்கு வேலி போட்டிருந்த இடத்தின் பக்கத்துக் கூடாரத்தில் நாம்ஜில்மா அவரை உட்காரவைத்து உப்புத் தேநீர் கொடுத்தாள். அறுபதை நெருங்கும் வயது. வெயிலில் கன்னம் செப்பாகக் காய்ந்திருந்தது. அந்த நாட்டு வணக்க முறைப்படி மூக்குப்பொடிப் புட்டியை மாற்றிக்கொண்டார்கள். ஆடுமாடு கொழுத்திருக்கிறதா, மழை உண்டா என்று விசாரித்தார்கள்.

"மழையை என்கிட்டயா கேட்குறீங்க அண்ணே? நான் சொன்னா அது வரவே வராது. ஊரே சொல்லும்," என்று சிரித்தாள்.

கோம்போ பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பையிலிருந்து பதக்கத்தை எடுத்து நீட்டினார்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு இரண்டு கைகளாலும் வாங்கினாள். திருப்பி எண்ணைப் பார்த்தாள். நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"ஷக்தர்! ஏ ஷக்தர்!" என்று வாசலுக்கு ஓடினாள். "எங்கப்பா குதிரை திரும்பி வந்துடுச்சுடா! இந்த அண்ணன் பட்டணத்துலேர்ந்து கொண்டுவந்து கொடுத்துட்டாரு!"

இல்லை என்று சொல்ல கோம்போவின் வாய் திறந்தது. அதற்குள் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

பக்கத்துக் கூடாரத்து லாரி ஓட்டுநர் ஷக்தரும் அவன் மனைவியும் வந்துவிட்டார்கள். விற்ற குதிரை நூறு மலை தாண்டித் தன் மேய்ச்சலுக்குத் திரும்பி வந்தால் அந்த ஊரில் கொண்டாடுவார்கள். அதே கொண்டாட்டம் இங்கேயும் நடந்தது. ஷக்தர் கோம்போவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினான்.

"எங்க ஊர்ல கடன் வாங்கின கோடாரியையே திருப்பித் தரமாட்டானுங்க. நீங்க மனுஷன்ண்ணே!"

"உன்கிட்ட இருக்கிற என் கோடாரியைச் சொல்றியா?" என்றாள் நாம்ஜில்மா. எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளிக்கென்று கொழுப்புள்ள துண்டாகப் பார்த்துக் கோம்போவின் தட்டில் வைத்தார்கள். அவர் தலை நிமிராமல் அதை மென்றார்.

அவள் புத்தர் படத்துக்குக் கீழே தொங்கிய சின்னப் பையை அவிழ்த்தாள். கறுப்பும் செம்பழுப்புமாகக் குதிரைப் பிடரி முடிகள். அவற்றுக்கு நடுவே, துணியில் சுற்றிய வெள்ளித் திருகாணி. விளிம்பில் செய்தவர்களின் முத்திரை எழுத்து. பித்தளைத் துண்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு இதை மாட்டித் திருகினாள். மரை மரையோடு சேர்ந்து ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி நின்றது.

பதினொரு வருடம் கோம்போ மனதுக்குள் பார்த்த காட்சி. இன்னொருத்தியின் உள்ளங்கையில் நடந்தது.

ஷக்தரும் மனைவியும் போனார்கள். பேசாமல் இருந்துவிட்டால் நல்லவர் என்ற பெயரோடு போய்விடலாம். ஆனால் கடவுள் பார்க்கும் இடத்தில் திருட்டுப் புகழைத் தின்ன அவரால் முடியவில்லை.

"தங்கச்சி," என்றார். "நான் இதைத் திருப்பிக் கொடுக்க வரலை. இந்தத் திருகாணியைக் கேட்டு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். நீ சந்தோஷப்பட்டதும் வாய் அடைச்சுப் போச்சு."

 அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"புத்திகெட்டவ நான். ஊரையே கூப்பிட்டுட்டேனே! நீங்க பாவம், வேண்டாத கொழுப்பையெல்லாம் தின்னுட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"கோபமில்லையா?"

"என்ன கோபம்? வித்தது வித்ததுதான். அந்த மாவைத் தின்னுதான் என் ரெண்டு பிள்ளைங்க அந்தக் குளிரைத் தாண்டுச்சு. எங்கப்பா நாப்பத்தஞ்சுல ஜப்பான்காரனோட சண்டைக்குக் குதிரைப்படையோட கோபிப் பாலைவனத்தைத் தாண்டிப் போனாரு. ரெண்டு மாசம் கழிச்சு நான் பொறந்தேன். அவர் முகம்னு எனக்கு எதுவும் கிடையாது. அவர் திரும்பி வரலை, இதுதான் வந்துச்சு." பதக்கத்தைத் தடவினாள். "குதிரை போன பிறகு முடியை வச்சு என்ன செய்ய? ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. உண்மையைச் சொன்னீங்களே, அதுக்காகக் கொடுக்கிறேன்."

கோம்போ தொலைநோக்கியை எடுத்து வைத்தார். அவள் வேண்டாம் என்று தள்ளினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று எழுந்தாள்.

"அஞ்சு மணிக் குறிப்பு எடுக்கணும். என்கூட வேலை பார்க்கிற பொண்ணு லீவு. அண்ணே, ஒண்ணு கேட்கட்டுமா? இந்த ஒரு தடவை நான் போட்டுக்கிட்டுப் போயிட்டு வரேன். எங்கம்மா திருவிழா அன்னைக்கு மட்டும்தான் போடுவாங்க. நான் போட்டதே இல்லை."

"போடு, போடு."

தேல் அங்கியின் மார்பில் கத்தி முனையால் துளையிட்டு, ஆணியை உள்ளே செலுத்தி, உட்பக்கம் திருகாணியை முடுக்கினாள். வேலிக்குள் வெள்ளைப் பெட்டிக் கதவைத் திறந்து வெப்பமானியைப் படித்தாள். காற்றின் திசையைப் பார்க்க நிமிர்ந்து நின்றாள். பென்சிலால் குறிப்பேட்டில் எழுதினாள். தினம் எட்டு முறை நடக்கிற வேலைதான். அன்று மட்டும் யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல நடந்தாள். வேலிக்கு வெளியே நின்ற கோம்போவை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பவர் வேறு யாரோ என்று அவருக்குப் புரிந்தது.

திரும்பி வந்ததும் அங்கிக்குள் கைவிட்டுத் திருகத் தொடங்கினாள்.

"பொறு," என்றார் கோம்போ. "இங்க காட்டு."

குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, உட்பக்கத்தை ஒரு நிமிடம் ஆராய்ந்தார். விரல் நுனியால் திருகாணியைத் தொட்டார். இலேசாக, வழுக்கிக்கொண்டு சுற்றும் நல்ல மரை. விரலை எடுக்கவே மனம் வரவில்லை.

"இறுகிப் போச்சு தங்கச்சி. பழைய வெள்ளி. இனிமே கழட்டினா மரை கெட்டுடும். பதக்கமே பாழாயிடும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடத்துக்கு முன்தான் அவள் கை அதைச் சுற்றியிருந்தது.

"அப்படியா அண்ணே?"

"முப்பது வருஷமா சேகரிக்கிறவன் சொல்றேன். இப்படியே இருக்கட்டும்."

"தெரிஞ்சவங்க சொன்னா சரிதான்," என்றாள் நாம்ஜில்மா.  பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி இரண்டு கைகளாலும் அவருக்கு நீட்டினாள்.

மறுநாள் விடிந்து, தொலைநோக்கியை அவள் கூடாரத்திலேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறியபோது ஓட்டுநர் கேட்டான், "வந்த காரியம் ஆச்சா அண்ணே?"

"ஆச்சு," என்றார் கோம்போ. மேட்டின் மேல் வண்டி ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். எட்டு மணிக் குறிப்புக்காக அவள் வெள்ளைப் பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து மார்பில் எதுவும் தெரியவில்லை. அவர் இன்னும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.